அவ கேட்ட வெள்ளைச் சப்பாத்து

முழங்கால் வருத்தத்தினால்தான் றீற்றா அக்கா நேரத்தோடு வேலையை விட்டவ என்று கடையில் ஒரு கதை உலவுகிறதாம். இப்போது அங்கே வேலை செய்கிற பர்ஹானா கிண்ணியாவில் இருந்து போன் எடுத்துச் சொன்னாள். புதிதாக வந்த பிள்ளைகளுக்கு மனேஜர் அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறார்.

"உண்மையா அக்கா? குந்தி எழும்பி, குந்தி எழும்பி முழங்கால் தேஞ்சு போச்சாமே?" என்று கேட்டாள்.

எனக்கு வந்த கோபத்தில் அடுப்பில் வைத்த பால் பொங்கி ஊற்றியதுகூடத் தெரியவில்லை. என் முழங்காலில் ஒரு குறையும் இல்லை. ஓர்ஸ் ஹில் ஏற்றத்தை இன்றைக்கும் சந்தைப் பையோடு நிற்காமல் ஏறுகிறவள் நான். நான் வேலையை விட்டதற்குக் காரணம் ஒரு சோடிச் சப்பாத்து. பர்ஹானாவுக்குப் போனில் சொல்லி முடிக்க ஏலாது. அதனால் எழுதுகிறேன். மனேஜரின் பெயர் வேண்டாம், கடையின் பெயரும் வேண்டாம். வாசிக்க வேண்டியவர் வாசித்தால் தன்னைத்தான் என்று அவருக்கே விளங்கும்.

திருகோணமலை பஸ் நிலையத்தில் இறங்கி நடக்கிற தூரத்தில் இருந்தது எங்கள் சப்பாத்துக் கடை. தலைமை அலுவலகம் கொழும்பில். நான் சேரும்போது எனக்குக் கலியாணம் ஆகவில்லை. வேலையின் பெயர் 'சேல்ஸ் கேர்ள்'. என் மூத்த மகளுக்குக் கலியாணம் முடிந்து பேரப்பிள்ளை வந்த பிறகும் என் நெஞ்சில் குத்தியிருந்த அட்டையில் 'சேல்ஸ் கேர்ள்' என்றுதான் இருந்தது. வயது போன ஆண்களை அங்கே ஒருவரும் 'சேல்ஸ் போய்' என்று கூப்பிடவில்லை. அவர்கள் 'சேல்ஸ் எக்ஸிகியூட்டிவ்'.

பழகின காலம் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றும் இல்லை. முதல் வருடம் பெட்டி அடுக்கினேன். அதற்குப் பிறகு, பின்னர் கனடாவுக்குப் போய்விட்ட ஒரு அண்ணை, கால் அளக்கப் பழக்கினார். அவர் சொன்ன முறையைக் கடைசி நாள் வரை நான் மாற்றவில்லை. வந்தவரை இருக்க வைத்து அளக்கக்கூடாது, நிற்க வைத்துத்தான் அளக்க வேண்டும். உடம்புப் பாரம் இறங்கினால் கால் விரியும். இரண்டு காலையும் அளக்க வேண்டும், பெரிய காலுக்குத்தான் சப்பாத்து. பெருவிரலுக்கு முன்னால் என் கட்டைவிரல் அகலத்துக்கு இடம் இருக்க வேண்டும். குதியில் ஒரு விரல் நுழையலாம், இரண்டு நுழைந்தால் கழன்றுவிடும். லேஸை அடியில் இருந்து ஒவ்வொரு கண்ணாக இறுக்கிக்கொண்டு வரவேண்டும். எல்லாம் முடிந்த பிறகு வாசல் வரை நடக்கவிட வேண்டும். கண்ணாடி கடைசியில். முதலே கண்ணாடியைக் காட்டினால், கடிக்கிற சப்பாத்தையும் கடிக்கவில்லை என்று சொல்லிப்போடுவார்கள்.

இத்தனையும் நாங்கள் செய்தது நிலத்தில் குந்தியிருந்து. துறைமுகத்தில் நாள் முழுக்க இரும்பு வைத்த சப்பாத்துக்குள் வெந்து ஊறிப்போன கால்களைப் பிடித்திருக்கிறேன். நிலாவெளி ஹோட்டல்களில் தட்டுத் தூக்குகிற பெடியளின் வீங்கின கால்களைப் பிடித்திருக்கிறேன். கால் பிடிக்கிறதில் எனக்கு ஒருநாளும் வெட்கம் இருந்ததில்லை. எங்கள் கோயில் ஆட்களிலேயே சிலர், "இந்த வேலைதானோ கிடைச்சது?" என்று கேட்டிருக்கிறார்கள். பெரிய வியாழனில் பாதிரியார் குந்தி இருந்து பன்னிரண்டு பேரின் காலைக் கழுவுவதை அதே ஆட்கள் கண்ணீரோடு பார்ப்பார்கள்.

பிறகுதான் லோ கட் வந்தது. கூடைப்பந்து விளையாடுகிறவர்களுக்கென்று செய்த சப்பாத்துகளில் கணுக்காலை மூடி உயரமாக நிற்பது ஹை கட். கணுக்காலுக்குக் கீழே பதிந்து நிற்பது லோ கட். முதல் பெட்டிகள் வந்த நேரம், விளையாடாத ஆட்களுக்கு விளையாட்டுச் சப்பாத்து எதற்கு என்று எங்கள் கடையிலேயே சிரித்தார்கள். நான் ஒன்றைக் கையில் எடுத்து மடித்துப் பார்த்தேன். விரல்கள் மடியும் இடத்தில் மடிந்தது, நடுவில் மடியவில்லை. அடிப்பகுதி அகலம். குதித்து இறங்குகிற காலுக்கென்று செய்ததால் ஆட்டம் இல்லை. முன்னுக்கும் பின்னுக்கும் அடி ஏறக்குறைய ஒரே தடிப்பு. விரல்கள் விரிய இடம், குதியைச் சுற்றி மெத்தை, மேலே காற்றுப் போகச் சின்னத் துளைகள். எங்கள் ஊர் வெயிலுக்கு ஹை கட் போட்டால் கணுக்கால் அவிந்துபோகும், இது அப்படியில்லை. குறையும் உண்டு. வெள்ளை என்றால் ஊத்தை உடனே தெரியும். கடற்கரை மணல் துளைக்குள் போய்விடும். ஆனால் ஜீன்ஸுக்கும் சரி, வேட்டி தவிர மற்ற எந்த உடுப்புக்கும் சரி, அழகாக நிற்கும். பல்கலைக்கழகத்துக் கம்பஸ் பிள்ளைகள் வாங்கினார்கள், கடற்படைப் பெடியள் லீவு நாளுக்கு வாங்கினார்கள், அபாயாவுக்குக் கீழே போட முஸ்லிம் பிள்ளைகள் வாங்கினார்கள். கறுப்புக்குக் கீழே அந்த வெள்ளை எட்டி எட்டிப் பார்க்கிற வடிவு தனி.

வசதியும் வடிவும் ஒன்றாக வந்த சப்பாத்து அது. எங்கள் கடையில் அவை இரண்டும் ஒன்றாக இருக்கக்கூடாது என்று ஒரு சட்டம் இருந்தது. முன்பக்கத் தட்டுக்கு மேலே 'ஸ்டைல்' என்று பலகை. பின்பக்க மூலையில், ஃபேன் காற்றும் வராத இடத்தில், 'கம்ஃபர்ட்' என்று பலகை. அங்கே இருந்தவை சீனி வருத்தக்காரருக்கும் வயது போனவர்களுக்கும் என்று வந்த கறுப்பும் மண்ணிறமும், ஒட்டுகிற பட்டி வைத்த சப்பாத்துகள். பார்க்கவே ஆஸ்பத்திரி வாசம் அடிக்கும்.

மனேஜரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் ஒருநாளும் சத்தம் போட்டதில்லை. எங்கள் எல்லோரையும் 'நீங்கள்' என்றுதான் சொல்வார். கண்ணாடியில் விரல் அடையாளம் இருந்தால் தன் கைலேஞ்சியாலேயே துடைப்பார். கடைக்குள் யார் வந்தாலும் முதலில் காலைப் பார்ப்பார், பிறகுதான் முகத்தை. பார்த்து முடித்ததும் எங்களுக்கு ஒரு சைகை. சட்டைப் பொத்தானைத் தொட்டால் முன் தட்டு. கைக்கடிகாரத்தைத் தொட்டால் பின் மூலை. வந்த ஆள் வாயைத் திறக்க முதலே எந்த மூலைக்கு உரியவர் என்று தீர்ப்பு முடிந்துவிடும்.

ஒரு காலை நேரம், ஒரு பிள்ளை தகப்பனோடு வந்தா. இருபது, இருபத்தொரு வயது இருக்கும். கறுப்பு அபாயா, இளநீலச் சால்வை. தகப்பன் மெலிந்த மனிதர், வயல் வேலை செய்கிற கை. நடையில் எனக்கு ஒன்றும் வித்தியாசமாகத் தெரியவில்லை. மனேஜருக்குத் தெரிந்தது. இடது காலில் தடித்த சொக்ஸின் மேல் பட்டி போட்டு இறுக்கின செருப்பு. கைக்கடிகாரத்தைத் தொட்டார். பிறகு தானே முன்னுக்கு வந்து, முஸ்லிம் ஆண்களைக் கூப்பிடுகிற முறையில் தகப்பனை 'நானா' என்றார்.

"வாங்கோ நானா, எங்கயிருந்து?"

"தோப்பூர் சேர். மகளுக்கு ஒரு சப்பாத்து. கம்பஸ் கிடைச்சிருக்கு."

"சந்தோசம். மகளுக்குக் காலுக்கு என்ன? சண்டைக் காலத்தில பட்டதோ?"

தகப்பன் பதில் தேடுவதற்குள் அந்தப் பிள்ளை சொன்னா: "சப்பாத்து வாங்கத்தான் வந்த, சேர். காலுட கதை சொல்ல வரல்ல."

குரலில் துடுக்கு இல்லை. ஆயிரம் தரம் கேட்ட கேள்விக்கு ஆயிரம் தரம் சொன்ன பதில் மாதிரி இருந்தது. இன்றுவரை அந்தக் கதையை நானும் கேட்டதில்லை. முழங்காலுக்குக் கீழே பொய்க்கால் என்பது மட்டும் எனக்குத் தெரியும். சப்பாத்துக்கு அது போதும். பெயர் நஸ்மியா.

நஸ்மியா முன்பக்கத் தட்டில் இருந்த வெள்ளை லோ கட்டைக் காட்டினா. பக்கத்தில் ஒரு இளநீலக் கோடு. மனேஜர் அவ காட்டின திசையைப் பார்க்கவே இல்லை. பின் மூலைக்குப் போய்க் கறுப்பு ஒன்றை எடுத்துவந்து தகப்பனின் கையில் கொடுத்தார்.

"நானா, பிள்ளைக்கு வசதிதான் முக்கியம். இந்தக் காலுக்கு ஏன் ஸ்டைல்? அதோட நீளமா உடுத்திற பிள்ளை. கீழ என்ன போட்டிருக்கிறா எண்டு ஆருக்குத் தெரியப்போகுது?"

தகப்பன் அந்தக் கறுப்புச் சப்பாத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சேர் சொல்றதும் சரிதானே மகள்" என்றார்.

"வாப்பா, இந்தக் கறுப்பப் போட்டா எல்லாரும் என்ட காலத்தான் பாப்பாங்க. அந்த வெள்ளயப் போட்டாச் சப்பாத்தப் பாப்பாங்க."

நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். இத்தனை வருடத்தில் ஒரு சப்பாத்தைப் பற்றி இப்படி ஒரு விளக்கம் எனக்கு யாரும் தந்ததில்லை.

மனேஜர் சிரித்துக்கொண்டே, தகப்பனிடம்தான், "என்ன சைஸ் போடுறவ? அஞ்சோ? ஐயோ, முடிஞ்சு போச்சு நானா, ஸ்டொக் இல்லை" என்றார். என் பக்கம் திரும்பி, "என்ன றீற்றா, முடிஞ்சுதுதானே?" என்றார். விரல் கைக்கடிகாரத்தில் இருந்தது.

அந்தப் பெட்டிகளை அன்று காலைதான் நானே மேல் தட்டில் அடுக்கியிருந்தேன்.

"இருக்குது சேர். மேல இருக்கு. எடுத்துக்கொண்டு வாறன்."

சொல்லிவிட்டு ஏணியில் ஏறிவிட்டேன். துணிச்சல் என்று நினைக்க வேண்டாம். ஒரு பிள்ளையின் முகத்துக்கு நேரே நின்று, இருக்கிற பொருளை இல்லை என்று சொல்ல என்னை ஏவின கோபம்தான் என்னை ஏற்றியது.

பெட்டியோடு இறங்கி வந்து அவவைக் கதிரையில் இருக்க வைத்து நான் கீழே குந்தினேன். வலது கால் சுலபம். எழுப்பி நிற்க வைத்து அளந்தேன், திரும்ப இருக்க வைத்துப் போட்டேன், சரியாக இருந்தது. இடது காலுக்கு லேஸைப் பாதிக்கு மேல் கழற்றி, நாக்கை வெளியே இழுத்து, வாயை நல்லாக விரித்து வைத்தேன். அப்படியும் குதி இறங்கவில்லை.

"ஹை கட் எண்டா யோசிக்கவே ஏலா அக்கா. இந்தக் கால் கணுக்கால்ல மடியாது. பதிஞ்சதெண்டா இறங்கும், கொஞ்சம் பொறுங்க" என்று சொல்லி, கைப்பையில் இருந்து ஒரு மெல்லிய பொலித்தீன் சொப்பிங் பேக்கை எடுத்தா. அதைப் பொய்க்காலின் பாதத்தில் மாட்டி, சப்பாத்துக்குள் வைத்து அழுத்தினா. வழுக்கிக்கொண்டு இறங்கினது. பிறகு பையை மேல்பக்கமாக உருவி எடுத்து மடித்துத் திரும்பவும் கைப்பைக்குள் வைத்தா. எனக்கு அது புதுப் பாடம்.

இடது பாதம் வலதை விடச் சின்னது. முன்னுக்கு இடம் கூடிவிட்டது. "உள்ளுக்கு ஒரு அட்டை வெட்டி வைக்கட்டுமா?" என்று கேட்டேன்.

"வேணா அக்கா. அட்ட வெச்சா உயரம் மாறும். குதி உயர்ந்தா முழங்கால முன்னுக்குத் தள்ளும், பதிஞ்சாப் பின்னுக்கு இழுக்கும். இது முன்னும் பின்னும் ஒரே மட்டம், அதுக்காகத்தான் இதக் கேட்ட. இன்னொரு சொக்ஸ் போட்டாக் காணும்."

இன்னொரு சொக்ஸ் போட்டோம். அடியில் இருந்து லேஸை இறுக்கிக்கொண்டு வந்தேன். எழும்பினா. ஒரு கணம் நின்ற இடத்திலேயே பாரத்தை இந்தக் காலுக்கும் அந்தக் காலுக்குமாக மாற்றிப் பார்த்தா. பிறகு வாசல் வரை நடந்தா, திரும்பி வந்தா. கண்ணாடிக்கு முன்னால் போய், அபாயாவின் விளிம்பை இரண்டு விரலால் கொஞ்சமாகத் தூக்கி, தன் கால்களைப் பார்த்தா.

"வாப்பா, பாருங்களன்" என்றா.

தகப்பன் பார்த்தார். கையில் இருந்த கறுப்புச் சப்பாத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் கதிரையில் வைத்தார்.

மனேஜர் பெட்டியைத் தானே அழகாகக் கட்டிக் கொடுத்தார். தகப்பனுக்கு நன்றி சொன்னார், வாசல் வரை போனார். அவ்வளவு நேரமும் அந்தப் பிள்ளையோடு ஒரு சொல் நேரே கதைக்கவில்லை. "காலுக்கு என்ன?" என்ற கேள்வியைக்கூடத் தகப்பனிடம்தான் கேட்டார்.

அவர்கள் போனதும், "றீற்றா, ஒரு நிமிசம் உள்ளுக்கு வாங்கோ" என்றார்.

பொய்யைக் காட்டிக் கொடுத்ததற்குத்தான் ஏசப்போகிறார் என்று நினைத்துப் போனேன். அதைப் பற்றி அவர் கதைக்கவே இல்லை.

"நீங்கள் கெட்டிக்காரி, அதாலதான் சொல்லுறன். இந்தச் சப்பாத்து இப்பதான் ஓடத் துவங்கியிருக்கு. அப்பிடியான பிள்ளை ஒண்டு அதைப் போட்டுக்கொண்டு ஊரெல்லாம் நடந்தா, சுகமில்லாத ஆக்கள் போடுற சப்பாத்து எண்டு பேர் வந்திடும். பிறகு ஆர் வாங்குவினம்? யோசிச்சுப் பாருங்கோ."

நான் யோசித்துப் பார்த்தேன். அந்தப் பிள்ளை விழுந்துவிடுவா என்ற கவலையும் அவருக்கு இல்லை, வசதி பற்றிய அக்கறையும் இல்லை. அந்தச் சப்பாத்தை அவவின் காலில் ஊர் பார்க்கக்கூடாது. அதற்குத்தான் 'வசதி' என்ற நல்ல சொல்லை எடுத்துப் போர்த்தியிருக்கிறார்.

"சேர், அந்தப் பிள்ளைக்கு ஒரு சுகயீனமும் இல்லை" என்றேன். "நடையைப் பார்த்தீங்கள்தானே?"

அவர் சிரித்தார். "நாளையில இருந்து நீங்கள் மேல்மாடியைப் பாருங்கோ. பாத்றூம் செருப்பும் பள்ளிக்கூடச் சப்பாத்தும். அங்க ஆள் காணாது."

மேல்மாடியில் வேலைக்கு ஆள் போதாது என்பது பொய். அங்கே வாடிக்கையாளரே வருவதில்லை. பள்ளிக்கூடம் துவங்குகிற மாதம் மட்டும் சனம் ஏறும். மற்ற நாட்களில் தகரக் கூரைக்குக் கீழே நானும் ரப்பர் வாசமும். குதி உயர்ந்த கறுப்புச் சப்பாத்தோடு அங்கேயும் நின்றுகொண்டுதான் இருக்க வேண்டும். அதுதான் பெண்களுக்குக் கடைச் சட்டம். 'கம்ஃபர்ட்' விற்கிறவளுக்குக் கம்ஃபர்ட் கிடையாது.

கொஞ்சக் காலம் போய், ஒரு நாள் கீழே மனேஜரின் குரல் கேட்டது. "விழுந்தவவோ? நான் அண்டைக்கே சொன்னனான் நானா! நீங்கள்தான் கேக்கேல்ல."

படியில் பாதி இறங்கினேன். நஸ்மியாவின் தகப்பன் தனியே நின்றார். ஒரு பையை நெஞ்சோடு பிடித்திருந்தார். அன்று கறுப்புச் சப்பாத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபடி நின்ற மனிதர், இன்று மனேஜரின் முகத்தை நேரே பார்த்தார்.

"சப்பாத்தால விழல்ல சேர். பிள்ள இறங்கி முடிய முதல் பஸ்ஸ எடுத்துட்டான் ட்ரைவர். எந்தக் கால் எண்டாலும் விழுந்துதான் இருக்கும். ஆஸ்பத்திரியில வலது கால்ட வீக்கத்துக்கு லேஸ வெட்டித்தான் சப்பாத்தக் கழட்டின. விழுந்ததுக்கு மகள் அழல்ல. சப்பாத்து ஊத்தையாப் போச்செண்டுதான் அழுத. நான் ரெண்டையும் கழுவிக் காயவெச்சிட்டன். வெள்ள லேஸ் ஒரு சோடி வேணும். அந்தத் தங்கச்சி எங்க?"

அந்தத் தங்கச்சி என்றது என்னை. மனேஜர் மேலே கையைக் காட்டினார். நான் லேஸ் எடுத்துக் கோர்க்கப் போனபோது தகப்பன், "எனக்குக் காட்டித் தாங்க, அடுத்த முறை நானே செய்வன்" என்றார். காட்டினேன். இடது பக்கத்துக்கு மேல் இரண்டு கண்ணையும் விட்டுக் கோர்த்தால் வாய் நல்லாக விரியும் என்றேன். மூன்று தரம் பிரித்துப் பிரித்துக் கோர்த்தார். கதிர் அறுக்கிற விரல், சின்னக் கண்ணுக்குள் நுனி போகாமல் நழுவினது. விடவில்லை. வீக்கம் வற்றினதும் மகள் கம்பஸுக்குத் திரும்பிப் போய்விடுவா, அதற்கிடையில் முடிக்க வேண்டும் என்றார்.

அன்றைக்கே நான் வேலையை விட்டிருக்க வேண்டும் என்று மகள் சொல்லுவாள். வீட்டு நிலைமை அப்போது விடவில்லை. கடைசிப் பிள்ளை படித்து முடித்த அடுத்த மாதம் கடிதம் கொடுத்தேன். பிரியாவிடையில் மனேஜர் என் உழைப்பைப் புகழ்ந்து, "முழங்கால் வருத்தம் காரணமாக எங்களை விட்டுப் பிரிகிறா" என்றார். மறுத்துக் கதைக்க நான் எழும்ப, ஒரு துண்டுக் கேக்கை எடுத்து என் வாயில் வைத்துவிட்டார். எல்லோரும் கைதட்டினார்கள். இப்படித்தான் அந்த முழங்கால் கதை பிறந்தது, பர்ஹானா.

இந்த வருடம் ஒரு நாள் அதே மனேஜர் போன் எடுத்தார். அதே மெல்லிய குரல்.

"றீற்றா, சுகமோ? ஒரு சின்ன உதவி. அண்டைக்கு ஒரு தோப்பூர்ப் பிள்ளை வந்தது ஞாபகமோ? காலில்லாத பிள்ளை. உங்களோட தொடர்பு இருக்கெண்டு கேள்விப்பட்டன். தலைமை அலுவலகத்தில புது விளம்பரம் செய்யினம், 'ஸ்டைல் எல்லாருக்கும்' எண்டு. லோ கட் போட்ட அப்பிடி ஒரு பிள்ளையின்ர படம் வேணுமாம். பொய்க்கால் வடிவாத் தெரியிற மாதிரி."

அன்றைக்கு ஒருவருக்கும் தெரியக்கூடாத கால், இன்றைக்கு வடிவாகத் தெரிய வேண்டுமாம். அவவால் விற்பனை கெட்டுவிடும் என்று என்னைத் தகரத்துக்குக் கீழே போட்ட மனிதர், அவவை வைத்து விற்கப் பார்க்கிறார். அதையும் அந்தப் பிள்ளையிடம் நேரே கேட்காமல் என்னிடம் கேட்கிறார்.

"நீங்கள் அண்டைக்கு என்ன சொன்னனீங்கள் எண்டு ஞாபகம் இருக்கோ சேர்?" என்று கேட்டேன்.

"அது அந்தக் காலம், றீற்றா. இப்ப உலகம் மாறிட்டுது."

உலகம் தானாக மாறினது போலவும், இவர் நின்று வழிவிட்டது போலவும் இருந்தது கதை.

நஸ்மியா பெருநாளுக்குப் பெருநாள் எனக்குப் போன் எடுக்கிறவ. இப்போது மூதூரில் ஒரு அலுவலகத்தில் வேலை. நடந்ததை மறைக்காமல் சொன்னேன். அவ விழுந்து விழுந்து சிரித்தா.

"காலக் காட்டி நிக்க நான் மாட்டன் எண்டு சொல்லுங்க அக்கா. ஆனா என்ட சப்பாத்து தேஞ்சு போச்சு, புதுசு வேணும். சனிக்கிழம வாறன். நீங்களும் வாங்களன்."

மாட்டாவாம் என்று மனேஜருக்குச் சொன்னேன். "பரவாயில்லை" என்றார். சனிக்கிழமை நாங்கள் போனபோது கடைக் கண்ணாடியில் படம் தொங்கினது. யாரோ வெளிநாட்டுப் பிள்ளை, கட்டைக் காற்சட்டை, பளபளக்கும் பொய்க்கால், வெள்ளை லோ கட். 'ஸ்டைல் எல்லாருக்கும்.'

உள்ளே போனால் எனக்குக் கடை அடையாளம் தெரியவில்லை. கூரை முட்டத் தட்டுகள். ஆட்கள் தாங்களே எடுத்து, நின்ற நிலையில் காலை நுழைத்து, கண்ணாடியில் பார்த்து, காசு கட்டப் போகிறார்கள். இருக்கிறதற்கு ஒரு கதிரை இல்லை. குந்தி இருந்து கால் பிடிக்கிற ஆளும் இல்லை. பர்ஹானா காசு மேசைக்குப் பின்னால் இருந்து என்னைப் பார்த்து, கதிரைகள் எல்லாம் எடுத்துவிட்டார்கள் என்று கையைக் காட்டினாள்.

நஸ்மியா தட்டில் இருந்து புது லோ கட் ஒன்றைப் பெட்டியோடு எடுத்தா. சுற்றிப் பார்த்தா. பிறகு, கடையின் நடுவில், பெரிய கண்ணாடிக்கு முன்னால், அபாயாவை ஒதுக்கிக்கொண்டு நிலத்தில் இருந்துவிட்டா. கைப்பையில் இருந்து சொப்பிங் பேக்கை எடுத்து ஆறுதலாக விரித்தா. நடந்துபோன ஆட்கள் நின்றார்கள். நானும் அவவுக்கு முன்னால் நிலத்தில் இருந்து லேஸைக் கழற்றத் துவங்கினேன்.

மனேஜர் ஓடி வந்தார். அவர் ஓடி நான் அன்றுதான் பார்த்தேன்.

"தங்கச்சி, எழும்புங்கோ தங்கச்சி. நிலத்தில இருக்காதேங்கோ, ஆக்கள் பாக்கினம். கதிரை ஒண்டு கொண்டுவாறன்."

இத்தனை வருடத்தில் நஸ்மியாவைப் பார்த்து அவர் சொன்ன முதல் வார்த்தை அது.

"பரவால்ல சேர். எனக்கு இஞ்ச வசதிதான்" என்றா நஸ்மியா, தலை நிமிராமல்.

அவர் உள்ளே ஓடித் தன் அறைக் கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்து பக்கத்தில் நின்றார். நாங்கள் எங்கள் பாட்டில் லேஸை அடியில் இருந்து இறுக்கிக்கொண்டு வந்தோம். நஸ்மியா என் தோளைப் பிடித்து எழும்பி, பாரத்தை மாற்றிப் பார்த்தா. இரண்டு அடி வைத்தா. நின்றுவிட்டா.

"சரிவராது அக்கா. இதுல குதிய உயர்த்திட்டாங்க. முழங்காலத் தள்ளுது."

நான் சப்பாத்தை வாங்கிப் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தேன். உண்மைதான். குதிப் பக்கம் இரண்டு விரல் உயரம் கூட்டியிருந்தார்கள். வெளியே கண்ணாடியில் ஒரு காலில்லாத பிள்ளை போட்டுக்கொண்டு சிரிக்கிற அதே சப்பாத்து.

நஸ்மியா தன் பழைய சப்பாத்தைப் போட்டுக்கொண்டு, புதியதை லேஸ் கட்டிப் பெட்டிக்குள் வைத்து, மனேஜர் பிடித்துக்கொண்டு நின்ற கதிரையில் அந்தப் பெட்டியை வைத்தா. "தேங்க்ஸ் சேர்" என்றா. நாங்கள் வெளியே வந்துவிட்டோம்.

வெயில் சுட்டது. பஸ் நிலையப் பக்கம் வேறு கடை ஒன்றில் மட்டமான அடி வைத்தது இருக்கும் என்று நான் சொல்லிக்கொண்டு வந்தேன். நஸ்மியா கேட்டுக்கொண்டு வந்தவ, திடீரென்று, "அக்கா, உங்கட கால் என்ன சைஸ்?" என்று கேட்டா.

நான் நடுறோட்டில் நின்றுவிட்டேன். எத்தனை ஆயிரம் பேரின் காலைப் பிடித்து நான் கேட்ட கேள்வி அது. என்னிடம் இந்தக் கேள்வியை ஒருவரும் கேட்டதில்லை. வேலைக்குச் சேர்ந்த அன்று, ஆறு முடிந்துவிட்டது என்று சொல்லி ஐந்தாம் நம்பர்க் குதிச் சப்பாத்தைத் தந்தார்கள். "போடப் போட இளகும்" என்றார்கள். வருடா வருடம் ஐந்துதான் வந்தது. என் இரண்டு பெருவிரலும் உள்ளுக்கு வளைந்து கிடக்கின்றன. இருக்கிற ஆறை இல்லை என்று எனக்குச் சொன்னார்களா, உண்மையிலேயே முடிந்துதான் போயிருந்ததா? எனக்கு இனி ஒருபோதும் தெரியப்போவதில்லை.

"ஆறு" என்றேன். கொஞ்சம் சத்தமாகச் சொல்லிவிட்டேன் போல. றோட்டில் போன ஒருவர் திரும்பிப் பார்த்தார்.

"அப்ப வாங்க" என்று நஸ்மியா முன்னுக்கு நடந்தா.